ஸ்கோப் இல்லாத ரைஃபிளும் மன்னார்குடிச் சித்தப்பாவும்

அமெரிக்காவில் குடியேறினவர்கள் ஊருக்கு வந்தால் பேசுவதற்கென்று சில விஷயங்கள் உண்டு. பனி, வீட்டுக் கடன், கிரீன் கார்டு வரிசை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. எனக்கும் அதெல்லாம் உண்டு. ஆனால் பென்சில்வேனியா எனக்கு எப்படிப் பிடித்துப்போனது என்று கேட்டால், முதலில் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளைத்தான் சொல்வேன். விசைக்குக் கீழே இருக்கும் பிடியைக் கையால் தள்ளி இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றிச் சுடுகிற ரைஃபிள் அது. அதுவும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கி இல்லாமல், வெறுங்கண்ணால் குறிபார்த்துச் சுடுவது. இந்தத் தை மாதம் மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, இதை முழு ஆர்வத்தோடு உட்கார்ந்து கேட்டவர் என் சித்தப்பா.

அவர் கேட்டதில் ஆச்சரியமில்லை. தாத்தாவிடம் லைசென்ஸ் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. 12 போர் என்ற குழல் அளவு. டெல்டாவில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த பல வீடுகளில் அந்தக் காலத்தில் அப்படி ஒன்று இருக்கும். சித்தப்பா சிறுவனாக இருந்தபோது, அறுத்து முடிந்த வயலில் உள்ளானும் ஏரியில் சிறகியும் சுடப் போகும் தாத்தாவுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அதெல்லாம் நின்று, நிற்க வேண்டியதும்தான், துப்பாக்கி பீரோவுக்குள் போய்விட்டது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, முடிந்ததும் போய் எடுத்து வருவது, லைசென்ஸ் புதுப்பிக்க நடையாய் நடப்பது என்று அலுத்துப்போய், கடைசியில் வீட்டில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதைப் பார்த்த ஞாபகம்கூட இல்லை. பங்குனித் திருவிழாவில் ராஜகோபாலசுவாமி கோயில் பக்கம் பலகையில் பலூன் கட்டிவைத்துச் சுடச் சொல்வார்களே, அந்தக் காற்றுத் துப்பாக்கிதான் நான் தொட்டது.

"ஸ்கோப் வெச்சா சுடுற தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல சித்தப்பா. வெறும் முன்மணி, பின்வெட்டுதான்."

குழலின் நுனியில் நிற்கும் சின்ன மணி முன்மணி, கண்ணுக்குப் பக்கமாக இருக்கும் வெட்டு பின்வெட்டு. சித்தப்பா நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அமெரிக்காவில் இறங்கினதும் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே மத்திய சட்டம். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இது தெரியாமல் சனிக்கிழமை பொழுதுபோக்காகச் சுடுதளத்துக்குப் போகிற நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விசா விஷயம், விளையாட வேண்டாம். நான் கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருந்தேன். அதன் பிறகு கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, முறையாக வாங்கினேன்.

ஆசையை மூட்டியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். நாங்கள் இருக்கும் பகுதியில் மான் வேட்டைப் பருவம் ஒரு திருவிழா. இப்போது அது நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. தலையிலும் மார்பிலும் முதுகிலும் பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரியும்படி உடுத்திக்கொண்டு அப்பா, பிள்ளை, பேத்தி என்று காட்டுக்குக் கிளம்புவார்கள். நான் வேட்டைக்குப் போவதில்லை. ஆனால் அவர் கொடுக்கும் மான்கறியை மிளகு அரைத்துப் போட்டு வறுத்து அவருக்கே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவோம். அந்தக் கிண்ணம் போய்வந்து போய்வந்துதான் பேச்சு வளர்ந்தது. ஒரு நாள் தன் அப்பாவின் வின்செஸ்டர் 94ஐ எடுத்துக் காட்டினார்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வந்த ரைஃபிள் அது. மறு வருடம் அதற்கென்று .30-30 தோட்டா வந்தது. புகையில்லா வெடிமருந்தோடு அமெரிக்காவில் வந்த முதல் வேட்டைத் தோட்டா. 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். மெலிவு, எடையும் குறைவு. நடுப்பகுதியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு மேல்பக்கமாக வெளியே துள்ளும் என்பதால் அதன் தலைக்கு மேல் ஸ்கோப் பொருத்துவது அந்த நாளில் கஷ்டம். பென்சில்வேனியாக் காட்டில் பெரும்பாலும் 100 யார்டுக்குள்தான் மான் கண்ணில் படும் என்பதால் அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. என்னிடம் இருப்பது மார்லின் 336, வேறொருவர் வைத்திருந்து விற்றது. 1948இல் வந்த வகை. இதில் கூடு வலப்பக்கமாகப் போகும், மேல்பக்கம் மூடியிருக்கும். ஸ்கோப் எளிதாக வைக்கலாம். நான் வைக்கவில்லை.

லீவரை இயக்குவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. விசைக்குக் கீழே வளையமாக இருக்கும் அந்தப் பிடியை முன்னால் தள்ளினால் தோட்டா இருக்கும் அறையை அடைக்கும் பூட்டு பின்னால் வருகிறது, காலிக் கூடு தெறிக்கிறது, சுடுவதற்கு அடிக்கும் சுத்தி விறைத்து நிற்கிறது. திரும்ப இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காருகிறது. சந்தேகப்பட்டு மெதுவாகச் செய்தால் பாதியில் சிக்கும். கடைசிவரை தள்ளி, கடைசிவரை இழுக்க வேண்டும். எண்ணெய் போட்டுப் பழகின லீவரில் 'கிளிக்-கிளாக்' என்று இரண்டே ஓசை. வலப்பக்கத்து இடுக்கில் தோட்டாக்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஏற்றும்போது சுருள்வில் எதிர்த்து அழுத்துவது விரல் நுனியில் தெரியும். எல்லாம் கையால் நடப்பதால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னதன் பின்பக்கத்தில் இருக்கும் பற்றவைக்கும் மூடியைப் பின்னதன் மூக்கு தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் கூர்முனை உலோகத் தோட்டா அதில் போடக் கூடாது, சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதையில் வெடிக்க வாய்ப்புண்டு. தட்டை மூக்குதான். இப்போது மெத்தென்ற பாலிமர் முனையோடும் வருகிறது.

"தாத்தா துப்பாக்கில பின்னால ஒண்ணுமே கிடையாதே, முன்னால ஒரு மணி மட்டும்தானே" என்றார் சித்தப்பா.

அதுதான் வித்தியாசம். அது சிதறு குண்டு. பறக்கும் பறவையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே சுடுவது, கண்ணே பின்குறி. ரைஃபிளில் ஒற்றைக் குண்டு. பின்னால் இருக்கும் வெட்டின் நடுவில் முன்மணியை நிறுத்தி, அதை இலக்கோடு சேர்க்க வேண்டும். பின்வெட்டு, முன்மணி, இலக்கு என்று மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணால் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அந்த ஒன்று முன்மணியாக இருக்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. புதிதாகச் சுடுகிறவர்களுக்கு இதை நம்புவதே கடினம், மனசு இலக்கின் மேலேயே ஓடும். அதைப் பிடித்து இழுத்து முன்மணியின் விளிம்பில் நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, விசையைப் பொறுமையாக அழுத்தும்போது அலுவலகம், இ.எம்.ஐ., அம்மாவின் சர்க்கரை அளவு எதுவும் ஞாபகத்தில் இருக்காது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உள்ள முன்மணி 100 யார்டில் ஏறத்தாழ 7 அங்குலத்தை மறைத்துவிடும். சின்னச் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதனால் கறுப்பு வட்டத்தை மணியால் மூடாமல், வட்டத்தின் அடியில் மணியை உட்கார வைத்துச் சுடப் பழகினேன். குண்டு இடப்பக்கம் போனால் பின்வெட்டைப் பித்தளை ஊசியால் மெல்லத் தட்டி வலப்பக்கம் நகர்த்த வேண்டும், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம். முன்மணியை நகர்த்தினால் எல்லாம் தலைகீழ். உயரத்துக்குப் பின்வெட்டின் அடியில் படிபடியாக ஒரு தகடு இருக்கும். ஒரு படி ஏற்றினால் குண்டும் ஏறும். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் மணியின் அந்தப் பக்கம் மட்டும் மின்னி கண்ணை ஏமாற்றும். மேகம் மூடின நாளில் குண்டுகள் ஒரே இடத்தில் கூடுவது இதனால்தான். ஸ்கோப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எனக்கோ இந்தத் தொல்லையில்தான் ருசி. வேறு யாராவது ஸ்கோப்தான் நல்லது என்றால் அவர்களோடு சண்டை போட மாட்டேன்.

எங்கள் சங்கத்துச் சுடுதளத்தில் கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றும் நாகப்பட்டினத்து அக்கா ஒருவரும் வருகிறார்கள். அந்த அக்கா ஹென்றி .22 என்ற சின்னத் தோட்டா லீவர் ரைஃபிள் வைத்திருக்கிறார். குழாயின் உள்ளிருக்கும் பித்தளைக் குழலை உருவி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, திரும்பச் செருகித் திருகுவது. உதையே கிடையாது, சத்தமும் குறைவு, தோட்டாவும் மலிவு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். .30-30இல் தொடங்கினால் உதைக்குப் பயந்து விசையைப் பிடுங்கும் பழக்கம் வந்துவிடும், பிறகு போவது கஷ்டம். தூரத்து இரும்புத் தட்டில் குண்டு பட்டு 'டங்' என்று ஒலி திரும்பி வரும்போது அந்த அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஊரில் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "அந்த நாட்டுல தினம் துப்பாக்கிச் சூடுன்னு நியூஸ் வருதே, உனக்கு இது தேவையா?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி. என் மகளின் பள்ளியில் கதவைப் பூட்டி இருட்டில் உட்காரும் பயிற்சி நடக்கிறது, அந்த நாளில் எனக்கும் சோறு இறங்காது. அதனாலேயே வீட்டில் ரைஃபிள் இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு இடத்தில், சாவி என்னிடம். சுடுதளத்தில் ஒருவர் "சீஸ் ஃபயர்" என்று குரல் கொடுத்தால் அத்தனை பேரும் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். லீவர் கீழே தொங்கிக்கொண்டிருந்தால் பூட்டு திறந்திருக்கிறது என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். காலியாக இருந்தாலும் நிரம்பியதாகவே நினை, துப்பாக்கி வாயை யார் பக்கமும் திருப்பாதே, குறி பார்க்கும்வரை விரலை விசையில் வைக்காதே, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். முதல் நாள் பெரியவர் சொன்னது இவ்வளவுதான். தோட்டாவைத் தொடவிட்டது அதற்குப் பிறகு.

சித்தப்பா வருகிற ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார். விசிட்டர் விசாவுக்கும் அதே சட்டம்தான். வேட்டை உரிமம் இல்லாமல் ரைஃபிளைத் தொட முடியாது, உரிமத்துக்கு முதல்முறை விண்ணப்பிக்கிறவர் பயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும். "படிச்சு எழுதிட்டாப் போச்சு, பாடத்தப் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு அனுப்பு" என்றார். அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. தூரம் நன்றாகத் தெரிகிறது, கிட்டத்துக்குக் கண்ணாடி வேண்டும். பின்வெட்டு அவருக்குத் தெளிவாகத் தெரியாது. அதற்குப் பின்வெட்டை எடுத்துவிட்டு, கண்ணுக்கு நெருக்கமாகச் சின்னத் துளையுள்ள பீப் சைட் வைத்தால் போதும். துளையைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் கண் தானே நடுவைப் பிடித்துக்கொள்ளும், சின்னத் துளை என்பதால் முன்மணியும் இலக்கும் ஓரளவு சேர்ந்தே தெளியும். வயதான நிறைய பேர் அங்கே இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். என் மார்லினில் அதைப் பொருத்த மேல்பக்கம் ஏற்கெனவே திருகு துளைகள் இருக்கின்றன. பனி விட்டதும் பொருத்தி, அவர் வருவதற்குள் 50 யார்டுக்குச் சரிபார்த்து வைக்க வேண்டும்.