மட்டையில் பிழை

மனையியல் பாடத்தில் நான் வாங்கிய பெரிய ஏச்சு ஒரு சப்பாத்துப் பெட்டி மட்டையால் வந்தது.

1991ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு. பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்தில் சவர்க்காரமே அருமை, தையல் சோக்குக்கு எங்கே போவது? கண்காட்சிக்கு ஒட்டுத்துணி விரிப்பு தைக்கவேண்டும். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுச் சதுரம். மட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அம்மா குளியலறையில் மிச்சம் வைத்த சவர்க்காரச் சீவலால் சுற்றி வரைந்து 64 துண்டும் வெட்டினேன். இரவில் ஜாம் போத்தல் விளக்கடியில் இருந்து தைத்தேன். முடித்து விரித்தால், நடுவில் புடைத்துக்கொண்டு நிலத்தில் படியவே மாட்டேன் என்றது.

ரீச்சர் அடிமட்டத்தை எடுத்து முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் அளந்தார். ஓர் அங்குல வித்தியாசம்.

"தையலில பிழையில்லைப் பிள்ளை, மட்டையிலதான் பிழை. தேய்ஞ்ச மட்டையை ஆரும் வைச்சு வரைவினமோ?"

சுற்றிச் சுற்றி வரைய மட்டையின் விளிம்பு நைந்துவிடும். ஒரு துண்டில் அரைக்கால் அங்குலம் போனால் எட்டுத் துண்டில் ஓர் அங்குலம் போய்விடும். ஒரே அளவில் நாலைந்து மட்டை வெட்டிவைத்து மாற்றி மாற்றிப் பாவிக்கச் சொன்னார். வகுப்பிலிருந்த சிங்கர் மெஷினில், ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை நாலு மடிப்பாக ஒட்டியும் காட்டினார். துணியின் ஓரம் அந்த மேட்டில் உரசிக்கொண்டே போனால் தையல் கோணாது. அந்தப் பிளாஸ்டரை எங்கே பிடித்தார் என்று இன்றுவரை தெரியாது.

சிங்கப்பூருக்கு வந்து பல வருடம் ஊசியைத் தொடவில்லை. அப்புறம் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் வெட்டுத்துணிகள் ஒரு பை நிறையக் கிடைத்தன. பழைய ஆசை எழும்பியது. கடையில் குயில்ட்டுக்கென்று, அதுதான் ஒட்டுத்துணிப் போர்வைக்கென்று, விற்கும் அடிமட்டமும் உருளைக் கத்தியும் விலை கேட்டுவிட்டுச் சும்மா திரும்பினேன்.

இப்போது என் மட்டை, ஐஸ்கிரீம் டப்பாவின் ஒளிபுகும் மூடி. தேயாது, பூ நடுவில் விழுகிறதா என்று ஊடாகவே பார்க்கலாம். பின்பக்கம் சாண்ட்பேப்பர் இரண்டு துண்டு ஒட்டினால் துணி வழுக்காது. எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுத் தரை ஓடுகளின் கோடுதான் மூலைமட்டம். மேசைக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பின் பஞ்சுப் பக்கத்தை வெளியே காட்டிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். துண்டுகள் ஊசியில்லாமலே அதில் ஒட்டி நிற்கும், தள்ளி நின்று நிறம் பார்க்கலாம். குயில்ட்டின் உள்ளே பஞ்சு வைப்பதில்லை, பழைய படுக்கை விரிப்புத்தான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பஞ்சுப் போர்வை யாருக்கு வேண்டும்?

1942இல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்துவைத்த பெண்கள் இதே தீவில்தான் மூன்று குயில்ட் தைத்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். இரண்டு இப்போது கன்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த முதல் யோசனை: மட்டைக்கு எதை வெட்டியிருப்பார்கள்?

போன வருடம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி கனடாவிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினாள். என் மெஷினைக் குனிந்து பார்த்தாள். ஊசிக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஒட்டுக்குறிப்புத் தாள் ஒரு கட்டு, கால் அங்குலம் தள்ளி.

"என்னடி, பிளாஸ்டர் எங்கை?" என்றாள்.