டர்ஹாமின் காளை

அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் டர்ஹாமுக்கு வந்த முதல் ஆறு மாதம் இந்த ஊரோடு எனக்கு ஒட்டவே இல்லை. வேலை ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற கம்பெனி வளாகத்தில், கோயிலும் மளிகையும் பக்கத்து ஊரான கேரியில், ராத்திரி தூங்க மட்டும் டர்ஹாம். மூன்று வருஷத்துக்கான விசா. அதற்குள் எதற்கு ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் நானும் மனைவியும் இருந்தோம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். இளவயதில் சிகரெட் ஆலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் என் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டார். திண்டுக்கல், புகையிலைக்குப் பேர்போன ஊர் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் டர்ஹாமின் கடைவீதி முழுக்கப் பதப்படுத்திய புகையிலையின் இனிப்பு வாசம் வீசுமாம். எனக்கு அந்த வாசம் தெரியும். வேடசந்தூர்ப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே வந்த வாசம் அது. அந்தச் சனிக்கிழமையே எங்களைப் பேஸ்பால் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

அணியின் பெயர் டர்ஹாம் புல்ஸ், அதாவது டர்ஹாம் காளைகள். 1902இல் தொடங்கியபோது இதன் பெயர் டொபாக்கோனிஸ்ட்ஸ், அதாவது புகையிலை வியாபாரிகள். 1913இல்தான் 'புல்ஸ்' ஆனது. 'புல் டர்ஹாம்' என்ற புகையிலைப் பொட்டலத்தில் இருந்த காளைதான் காரணம். 1926இல் எல் டோரோ பார்க் என்ற மைதானத்தைத் திறந்து வைக்க வந்தார் கெனசா மவுண்டன் லாண்டிஸ். அமெரிக்க பேஸ்பாலுக்கே தலைவரான அவர், நிஜக் காளை ஒன்றின் மேல் ஏறி மைதானத்துக்குள் வந்தாராம். 1939 ஜூன் மாதம் ஒரு ராத்திரி, பார்வையாளர் உட்காரும் மரக்கட்டடம் எரிந்து சாம்பலானது. இரண்டே வாரத்தில் தற்காலிகப் பலகைகளைப் போட்டு மறுபடி ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

1971க்குப் பிறகு அணியே இல்லாமல் போனது. 1980இல் மைல்ஸ் வூல்ஃப் என்பவர் வெறும் 2,417 டாலர் கொடுத்து உரிமையை வாங்கி அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. 1987இல் அமெரிக்கன் டொபாக்கோ ஆலையும் மூடியது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்த தொழில் போனால் ஊர் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் ஜனங்கள் ஆட்டம் பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். 1995இல் புது மைதானம் திறந்தது, அதுவும் அந்தப் பழைய ஆலைக்கு எதிரிலேயே. 1998இல் அணி டிரிபிள்-ஏ நிலைக்கு உயர்ந்தது. அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்குக்கு ஒரே ஒரு படி கீழே.

மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள இந்த மைனர் லீக் எப்படி நடக்கிறது என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆனது. அணி டர்ஹாமுடையது, ஆட்டக்காரர்கள் டர்ஹாமுடையவர்கள் இல்லை. டாம்பா பே ரேஸ் என்ற மேஜர் லீக் அணிதான் சம்பளம் கொடுத்து அவர்களை இங்கே அனுப்புகிறது. நன்றாக ஆடினால் ஒரு போன் வரும், மறுநாள் ஆள் இங்கே இருக்கமாட்டார். போன வாரம் நாம் கைதட்டியவர் இந்த வாரம் ரேஸ் அணிக்கு ஆடுவார். யாருமே தங்குவதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு மனசுக்குள் ஏதோ செய்தது.

பெரியவர் ஜோ மார்கனைப் பற்றிச் சொன்னார். பின்னாளில் பேஸ்பாலின் மகா ஆட்டக்காரர்களில் ஒருவராகப் புகழ்பெற்றவர். 1963இல் பத்தொன்பது வயசுப் பையனாகக் கலிஃபோர்னியாவிலிருந்து இங்கே ஆட வந்தார். கறுப்பினத்தவருக்குத் தனி இருக்கை என்று ஒதுக்கி வைத்திருந்த காலம். அதைப் பார்த்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தாராம். போகவில்லை, ஆடினார். அவர் போட்டிருந்த 18ஆம் எண் சட்டையை இந்த அணியில் இப்போது வேறு யாருக்கும் தருவதில்லை.

சரி, அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். இடது கோடியில் 32 அடி உயர நீலச் சுவர். அதற்கு மேலே மரத்தில் வெட்டி நிறுத்தியது போல ஒரு பெரிய காளை. 1988இல் வந்த 'புல் டர்ஹாம்' படத்துக்காகச் செய்த பலகையின் வாரிசு அது. பந்து காளை மேல் பட்டால் அடித்தவருக்கு ஒரு ஸ்டேக், அதாவது மாட்டிறைச்சித் துண்டு, கீழே வரைந்திருக்கும் புல்லில் பட்டால் சாலட் என்று எழுதியிருக்கும். ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் ஆள் ஒருவர் ஹோம் ரன் அடித்தார், நம்மூர் கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. காளையின் கண் சிவந்தது, வால் ஆடியது, மூக்கிலிருந்து புஸ்ஸென்று புகை வந்தது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் ஐந்து வயசு மகள் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். "அப்பா, நம்ம காளைப்பா!"

அந்த 'நம்ம'வை அதற்கு முன் இந்த ஊரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

இப்போது ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் டிரிபிள்-ஏ முழுவதற்குமான பட்டத்தை அணி வென்றது. அந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். பெரியவருக்கு இப்போது முழங்கால் வலி, படி ஏற முடியாது. அதனால் காளை நேராகத் தெரிகிற மாதிரி, நடைபாதையை ஒட்டிய வரிசையாகப் பார்த்து எடுத்தேன்.