குளிரூட்டியும் வாடகைக் கணக்கும்

கோலாலம்பூரில் நான் பராமரிப்புப் பொறுப்பில் இருந்த அலுவலகக் கட்டடத்தில், மாலை ஆறு மணிக்குப் பின் எந்த மாடியில் குளிரூட்டி ஓடியது என்பதைக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் பார்த்து நோட்டில் குறித்துக் கொடுப்போம். கணக்குப் பிரிவு அக்கா அதை மறுபடியும் எக்செல்லில் ஏற்றி வாடகைதாரருக்குப் பில் அனுப்புவார். ஒரு மாதம் நான் எழுதிய 11 அவர் கண்ணுக்கு 17ஆகத் தெரிந்தது. யாருக்குத் திட்டு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1995இல் வெளிவந்த பாக்நெட் (BACnet) என்ற தகவல்தொடர்புத் தரநிலை, கட்டடத்திலுள்ள வெவ்வேறு நிறுவனக் கருவிகள் தமக்குள் பேச வழிசெய்தது என்றாலும், கணக்கு மென்பொருளுக்கு அந்த மொழி புரியாது. கட்டடத் தகவலை மற்ற மென்பொருள்களோடு பகிர்வதற்கான ஓபிக்ஸ் (oBIX) தரநிலையோ ஒவ்வொரு வெப்பநிலை அளவுக்கும், எச்சரிக்கைக்கும், பழைய பதிவுக்கும் ஓர் இணைய முகவரி தந்து, இணையப் பக்கங்கள் வரும் அதே எச்டிடிபி (HTTP) வழியே, மற்ற மென்பொருள்களும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் (XML) என்ற உரை வடிவில் வாசிக்க விடுகிறது. வாசிக்க மட்டும்தான் கணக்குப் பிரிவுக்கு அனுமதி தருவேன். குளிரூட்டியை நிறுத்தும் பொத்தானை அக்காவிடம் கொடுக்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.