முழித்திருக்கும்போதே டியூப்: கழுத்து வளையாத ஒருவனின் ஆபரேஷன் அனுபவம்

இடுப்பு மூட்டை மாற்றியாக வேண்டும் என்று முடிவானதிலிருந்து எல்லோரும் என் இடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே நுழைந்ததும், "மேல சீலிங்கைப் பாருங்க" என்றார். கண்ணை மட்டும்தான் உயர்த்த முடிந்தது. அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்த சந்திப்பு வெகு நேரம் நீண்டது.

எனக்கு ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றோடொன்று எலும்பாகவே ஒட்டிக்கொள்ளும் வாத நோய். என் கழுத்து சற்றே குனிந்த நிலையில் நின்றுபோய்விட்டது. உயரத்தில் இருக்கும் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் முட்டியை மடக்கி உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தே இந்த ஆபரேஷனைச் செய்யலாமே என்று கேட்டேன். முயற்சி செய்யலாம், ஆனால் ஊசி நுழைய வேண்டிய இடைவெளியெல்லாம் எலும்பாக மூடியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார். முதுகு ஊசி சரியாக வேலை செய்யாமல் போனாலோ, பாதி ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போய் நிலைமை மாறினாலோ, நான் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது அவசர அவசரமாக மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டி வரும். சாவகாசமாகச் செய்தாலே சிரமமான வேலையை யாரும் அப்படி ஒரு நேரத்துக்குத் தள்ளிப்போட விரும்புவதில்லை.

சாதாரணமாக என்ன நடக்கும் என்றால், ஊசி போட்டுத் தூங்க வைப்பார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுப்பார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கித் தூக்கி, குரல்நாண்களைப் பார்த்து நடுவே டியூபைச் செலுத்துவார்கள். தசை தளர்ந்த பிறகு நோயாளி தானாக மூச்சு விடுவதில்லை. டியூப் போகும்வரை மாஸ்க்கை முகத்தில் அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம். மாஸ்க்கும் கைவிட்டால் தொண்டைக்குள் வைக்கிற வேறு சாதனங்கள் இருக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் கடைசி வழி, கழுத்தின் முன்பக்கம் கத்தி வைத்து நேராக மூச்சுக்குழாய்க்குள் போவது. நுரையீரலைச் சுத்தமான ஆக்சிஜனால் முன்கூட்டியே நிரப்பி வைத்தால் ஆரோக்கியமான ஒருவருக்குச் சில நிமிடங்கள் அவகாசம் கிடைக்கும். வெறும் காற்றை மட்டும் சுவாசித்திருந்தால் ஒன்றிரண்டு நிமிடம்தான். எனக்கோ நெஞ்சுக்கூடும் சரியாக விரியாது.

என் விஷயத்தில் இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருந்தது. தலை பின்னால் சாயாது. பலவந்தமாகச் சாய்த்தால் ஒட்டிப்போன கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்படலாம். குனிந்த கழுத்தில் தொண்டைச் சாதனமும் சரியாக உட்காராமல் போகலாம். தாடை மார்பை நோக்கி இருப்பதால் கழுத்தின் முன்பக்கம் கத்தி வைக்க இடமும் குறைவு. அதாவது, கடைசி வழிகூட நம்பகமாக இல்லை. "அதனால உங்களைத் தூங்க வைக்காமலேயே டியூபைப் போட்டுடுவோம். அது உள்ளே போய் உட்கார்ந்தப்புறம்தான் தூக்கம்" என்றார்.

கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது என்பது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன காரணம் மனதில் நின்றது. முழித்திருக்கிறவர் தன் மூச்சைத் தானே விட்டுக்கொள்வார், தொண்டைத் தசைகள் வழியை அடைக்காமல் திறந்து வைத்திருக்கும், எந்த இடத்திலும் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடலாம். அந்த 'நிறுத்தலாம்' என்பது தூங்க வைத்த பிறகு கிடைக்காது.

அப்புறம் பரிசோதனைகள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார், 'ஆ' சொல்லக் கூடாது. உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து வகுப்பு பிரிக்கிறார்கள். மல்லம்பட்டி என்ற டாக்டரின் பெயரால் மல்லம்பட்டி வகுப்பு என்கிறார்கள், அவருடைய கட்டுரை வெளிவந்தது 1985-ல். பிறகு என் விரல்களையே மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று விரல் போக வேண்டுமாம், எனக்கு இரண்டு தாராளமாகப் போனது, மூன்றாவது போகவில்லை. கீழ்ப் பல்லால் மேலுதட்டைக் கடிக்கச் சொன்னார். தாடை நுனிக்கும் தொண்டைக் குருத்தெலும்புக்கும் இடையே அளந்தார். டியூப் மூக்கு வழியாகத்தான் போகும் என்பதால் மூக்கின் ஒவ்வொரு துவாரத்தையும் அடைத்து மூச்சு விட வைத்து எது தாராளம் என்று பார்த்தார். குறட்டை உண்டா, ஆடுகிற பல் உண்டா என்றெல்லாம் கேள்விகள். இந்தச் சோதனைகளில் எது ஒன்றையும் தனியாக நம்ப முடியாது, எல்லாம் சரியாக இருக்கிறவருக்கும் சில நேரம் சிரமமாகிவிடும் என்றும் அவரே சொன்னார்.

சின்ன வயதில் குடல்வால் ஆபரேஷனின்போது டியூப் போட்டதில் பிரச்சினையே வரவில்லை என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்போ உங்க கழுத்து வளைஞ்சிருக்கும்" என்று முடித்துவிட்டார்.

தாடியை எடுத்துவிட்டு வரச் சொன்னதுதான் எனக்கு வருத்தம். தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாமல் காற்று கசியும். முழித்திருக்கும்போதே டியூப் போடுகிறவருக்கு மாஸ்க் எதற்கு என்று வாதாடினேன். முதல் வழி தவறினால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்றார். நியாயம்தான். வருஷக்கணக்காக வைத்திருந்த தாடி போயிற்று.

ஆபரேஷன் அன்று திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்ற வழக்கமான பட்டினிதான். தியேட்டருக்குள் போவதற்கு முன்பே ஒரு ஊசி போட்டார்கள். எச்சிலை வற்ற வைக்கும் கிளைகோபைரோலேட். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு கொஞ்சம் படபடத்தது. எச்சில் நிறைய இருந்தால் மரக்க வைக்கும் மருந்து சதையில் படாமல் வழுக்கிப் போய்விடும், டியூபுக்கு வழிகாட்ட உள்ளே விடுகிற கேமராவும் மங்கும். மூக்கில் விட்ட சொட்டு மருந்து ரத்தக்குழாய்களைச் சுருக்கி ரத்தக் கசிவைத் தடுக்க.

அடுத்து வந்த மரக்க வைக்கும் கட்டம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. இங்கே அவசரப்படாமல் இருந்ததால்தான் மற்றதெல்லாம் எளிதாகப் போனது என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் நெபுலைசரில் லிக்னோகெய்ன் புகை. பிறகு மூக்கில் ஜெல். அதன்பின் தொண்டைக்குள் 10 சதவீத ஸ்ப்ரே, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 10 மில்லிகிராம். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. நர்ஸ் ஒருவர் ஒவ்வொரு ஸ்ப்ரேயையும் சத்தமாக எண்ணி எழுதிக்கொண்டிருந்தார். இந்த மருந்து அளவுக்கு மீறினால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். முழித்த நிலையில் டியூப் போடுவதற்கென்று பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கொழுப்பைக் கழித்த உடல் எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாவற்றுக்குமான கணக்கு அது.

இந்த நேரத்தில் எனக்கு நடந்த ஒன்றை முன்பே யாராவது விரிவாகச் சொல்லியிருக்கலாம். பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு தடித்துக் கிடப்பது போல, தொண்டை முழுக்கத் தடித்துப் போகும். விழுங்கினால் விழுங்கியது தெரியாது. மூச்சுக் காற்று தொண்டையில் உரசுவதும் தெரியாது. அதனால் மூச்சே போகவில்லையோ என்று ஒரு திகில் வரும். எனக்கு வந்தது. டாக்டர் மானிட்டரைக் காட்டினார், ஆக்சிஜன் 99. "தொண்டைக்குத்தான் தெரியலை, நுரையீரலுக்குப் போய்க்கிட்டுதான் இருக்கு" என்றார். பிறகு எண்ணைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட்டேன், அடங்கியது.

கழுத்தின் முன்பக்கத்தை ஏற்கெனவே அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். கத்தி வைக்க நேர்ந்தால் இடம் தேடி நேரம் போகக்கூடாது என்பதற்காக. காது மூக்கு தொண்டை சர்ஜன் கையுறை மாட்டி அறைக்குள்ளேயே நின்றார். தொடங்குவதற்கு முன் டாக்டர் எல்லோரையும் நிறுத்தி, முதலில் என்ன, அது முடியாவிட்டால் என்ன, எப்போது கைவிடுவது என்று உரக்கச் சொன்னார். மூன்று முறை முயற்சி, தேவைப்பட்டால் அனுபவம் கூடிய இன்னொருவர் ஒரு முறை, அதற்கு மேல் இல்லை. நோயாளியை வைத்துக்கொண்டே கழுத்தில் கத்தி என்றெல்லாம் பேசுகிறார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அதுதான் தைரியம் தந்தது.

படுக்கை நாற்காலி போல நிமிர்ந்திருந்தது. டாக்டர் தலைமாட்டில் இல்லாமல் எனக்கு எதிரில் நின்றார். மூக்கில் ஆக்சிஜன் வேகமாக வந்துகொண்டிருந்தது. பதற்றம் குறைய டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து மெதுவாக ஏறியது. கூப்பிட்டால் கண் திறக்கும் அளவுக்கு ஒரு மிதப்பு, அவ்வளவுதான். தாங்க முடியாவிட்டால் இடது கையைத் தூக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் என்பது நான்கைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் கயிறு, நுனியில் வெளிச்சமும் கண்ணும். அதன்மேல் டியூபை முன்பே கோர்த்து வைத்திருந்தார்கள். 1967-ல் பீட்டர் மர்ஃபி என்ற மயக்க மருந்து டாக்டர், பித்தநாளத்தைப் பார்க்கச் செய்த ஸ்கோப் ஒன்றை மூக்கு வழியாக விட்டு இப்படி டியூப் போட்டார். அந்த நோயாளிக்கும் மூட்டு நோய்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது ஏனோ ஒரு சொந்தம் தோன்றியது.

ஸ்கோப் மூக்கில் நுழைந்தபோது அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை. திரை என் பக்கமும் திரும்பியிருந்தது. இளஞ்சிவப்பு ஈரத்துக்கு நடுவே வெள்ளையாக இரண்டு கோடுகள், நான் மூச்சு இழுத்தால் விலகின, விட்டால் நெருங்கின. என் குரல்நாண்கள். அவற்றின்மேல் ஸ்கோப் வழியாகவே கொஞ்சம் மருந்தைத் தெளித்தார். இருமல் வந்தது, அது வரத்தான் வேண்டுமாம், மருந்து பரவும். "நல்லா ஆழமா இழுங்க" என்றார். கோடுகள் விலகிய சமயத்தில் ஸ்கோப் உள்ளே போய்விட்டது. வளையம் வளையமாக மூச்சுக்குழாய், அதன் முடிவில் இரண்டாகப் பிரியும் கிளை.

உண்மையில் அசௌகரியம் என்றால் டியூபைத் தள்ளிய சில விநாடிகள்தான். ஓரிடத்தில் முட்டி நின்றது. தள்ளாமல் சற்றுப் பின்னிழுத்து, இடப்பக்கமாகத் திருப்பி மறுபடி செலுத்தினார், போய்விட்டது. மறுபடி இருமல். ஏதோ சொல்ல வாயெடுத்தேன், குரல் வரவில்லை. டியூப் குரல்நாண்களின் நடுவே இருப்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். ஆனால் அவர்கள் அதை நம்பி விட்டுவிடவில்லை. டியூபின் நுனியைக் கேமராவில் பார்த்தார்கள், நான் வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு டியூப் வழியாக வந்து மானிட்டரில் அலையாகத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். "வேவ் இருக்கு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கப்புறம்தான் தூக்க மருந்து.

டியூபை எடுப்பதும் இதே கவனத்தோடுதான். நான் நன்றாக விழித்து, சொன்னபடி கண்ணைத் திறந்து, கையை அழுத்திக் காட்டிய பிறகே எடுத்தார்கள். அது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. தொண்டைக் கரகரப்பும் மூக்கில் லேசான ரத்தமும் இருந்தன, தானாகச் சரியாயின.

வீட்டுக்குப் போகும்போது டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். என்ன சிரமம், எந்த மூக்குத் துவாரம், எந்த ஸ்கோப், டியூப் எந்த அளவு, தூங்கிய பிறகு மாஸ்க் வைத்துப் பார்க்கவில்லை என்பது உட்பட எல்லாம் அதில் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பொது மயக்கம்' என்று ஒரே வரிதான் இருக்கும், இந்த விவரம் இருக்காது. உங்களுக்கும் டியூப் போடுவதில் சிரமம் இருந்ததாகச் சொன்னால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஃபோனில் படமெடுத்து, லாக் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசர மருத்துவத் தகவல் பகுதியில் 'டிஃபிகல்ட் ஏர்வே, கழுத்தை வளைக்கக் கூடாது' என்று எழுதி வைத்திருக்கிறேன். மூச்சுவழியில் டியூப் போடுவது சிரமம் என்று அதற்கு அர்த்தம். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அந்த வாசகத்தைச் சொல்லி வைத்தாயிற்று. விபத்து என்று வந்தால் பேசப்போவது அவர்கள்தான்.

அடுத்த இடுப்புக்கும் நாள் குறித்தாகிவிட்டது, வேறு டாக்டர். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, மூட்டு நோய் நின்ற இடத்தில் நிற்காது என்று சொல்லி எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தார். முறை அதேதான். தாடியை எடுக்கச் சொல்லி இவரும் சொல்லிவிட்டார்.