ஒராஞ்ச் நாட்குறிப்பு: அப்பா, ஒரு சுவர், கொஞ்சம் புறம்போக்கு

அக்டோபர் 11, 2024, வெள்ளி இரவு

பிரான்ஸில் ரோமர் கட்டிய அரங்கம் ஒன்றைப் பார்க்க, லியோனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் தெற்கே வந்து ஒராஞ்சில் இறங்கினோம். அப்பா வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். திராட்சைத் தோட்டம்தான் வந்துகொண்டே இருந்தது, ஆரஞ்சு மரம் ஒன்றுகூட இல்லை. பழத்துக்கும் இந்த ஊர்ப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, ரோமர் காலத்தில் இது 'அரௌசியோ' என்றேன். "அப்ப பெயர் மாத்தம் தப்பாப் போச்சுன்னு சொல்லு" என்றார். முப்பத்து நாலு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவர்.

அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. முன்பதிவு செய்தபோது இருப்பதாகத்தான் போட்டிருந்தார்கள். அப்பாவின் முட்டி பாவம். நாளைக்கு வேறு ஆயிரத்தெட்டுப் படி ஏறணும்.

அக்டோபர் 12, சனி

காலையில் மிஸ்திரால் பிடித்துக்கொண்டது. ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று அது. அப்பாவின் குரங்குத் தொப்பி காதோடு ஒட்டிக்கொண்டு தப்பித்தது, என் தொப்பி தெருமுனை வரை ஓடிப்போய் ஒரு நாயின் காலடியில் நின்றது.

தெரு திரும்பினால் அரங்கத்தின் சுவர். கோபுரம் கிடையாது, கல் சுவர்தான். 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். என் ராஜ்ஜியத்திலேயே அழகான சுவர் இதுதான் என்று பதினான்காம் லூயி சொன்னதாகச் சொல்கிறார்கள். அப்பா நீளத்தை நம்பவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு எட்டு வைத்து நடந்து போய்த் திரும்பி வந்து, "சரிதான், வரும்" என்றார். மேலே இரண்டு வரிசையாகக் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. பார்வையாளர்கள் தலைக்கு மேல் வெயிலுக்குத் துணிப் பந்தல் இழுக்க, அதில்தான் கம்பங்களைச் செருகினார்களாம். அப்பா எண்ண ஆரம்பித்து முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டார்.

உள்ளே காலை வைத்ததும் காற்று நின்றுபோயிற்று. மின்விசிறியை அணைத்தது போல. அரங்கத்தின் முதுகு வடக்கே பார்த்து நிற்கிறது, அவ்வளவு உயரம் மிஸ்திராலைத் தாங்கிக்கொள்கிறது. இதற்காகத்தான் கட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வரம்.

கிரேக்க அரங்கங்களில் மேடைக்குப் பின்னால் மலையோ கடலோ தெரியும். ரோமர்களோ சுவரை வைத்து ஊரை மறைத்துவிட்டார்கள். உள்பக்கம் மூன்று அடுக்குப் பளிங்குத் தூண்கள் இருந்தனவாம், இப்போது நிற்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். நடு மாடத்தில் ஒரு சக்கரவர்த்தி சிலை, 3.55 மீட்டர். துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டி ஏற்றியிருக்கிறார்கள். அகஸ்டஸ் என்பது வழக்கு. சக்கரவர்த்தி மாறினால் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றது காதில் மாட்டிய கருவி. அப்பா அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

படிகள் தெற்கே மலைச் சரிவில் சாய்ந்து கிடக்கின்றன. மலையே தாங்குவதால் கட்டுமானச் செலவு மிச்சம். 'சிதையாமல் நிற்கும் அரங்கம்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஆனால் மேல் படிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை. பழசு கீழே இருக்கிறது. அங்கே ஒரு படியின் முகத்தில் அப்பா விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். ஈ, க்யூ, ஜி, பக்கத்தில் மூன்று கோடு. 'குதிரை வீரர் வகுப்புக்கு மூன்று வரிசை' என்று அர்த்தம். எழுத்தின் பள்ளத்தில் பாசி கறுத்து, அதில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. "ரிசர்வ்டு சீட்டு" என்றார் அப்பா.

நான் உச்சிப் படிக்கு ஏறினேன், அவர் கீழே அரைவட்டத்தில் நின்றுகொண்டார். ஏதாவது பேசுங்கள் என்று கை காட்டினேன். கொஞ்சம் கூச்சப்பட்டார். அப்புறம், பழைய நாளில் கொடி பிடிப்பவனிடம் சொல்வது போல, கத்தாமல் சாதாரணமாக, "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும், ஊனு" என்றார். பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி கேட்டது. முன்னால் இருந்த ஒரு ஜெர்மன் தம்பதி திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்றைய சீட்டே எதிர்த்தெரு அருங்காட்சியகத்துக்கும் செல்லும். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று போனோம், இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. காரணம், சுவரில் பதித்திருக்கும் பளிங்குத் துண்டுகள். ரோமர்களின் நிலப் பதிவேடு!

கி.பி. 77இல் வெஸ்பாசியன் சக்கரவர்த்தியின் உத்தரவு அதில் இருக்கிறது. இரண்டாம் லெகியன் என்ற படைப்பிரிவின் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு அகஸ்டஸ் கொடுத்த பொது நிலத்தைத் தனியார் வளைத்துப் போட்டுவிட்டார்கள், அதை மீட்க அளந்து கல்லில் வெட்டி வைக்கச் சொன்னார். வட்டாரம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு, ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 710 மீட்டர். ஒவ்வொன்றிலும் குறுக்குக் கோட்டுக்கு எத்தனையாவது, நெடுக்குக் கோட்டுக்கு எத்தனையாவது என்று எண். யார் குத்தகை, எவ்வளவு வரி என்பதும் உண்டு. உள்ளூர் பழங்குடிக்குத் 'திருப்பிக் கொடுத்தது' என்று சில கட்டங்கள்.

"புல எண், அ-பதிவேடு, ஆக்கிரமிப்பு அகற்றல். எல்லாம் இருக்கும்மா" என்றார் அப்பா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திருப்பிக் கொடுத்த நிலம் எப்படிப்பட்டது என்று கேட்டார். பெரும்பாலும் மட்டமான மண் என்று படித்தேன். "அதான் திருப்பிக் கொடுத்திருக்கான்."

மதியம் பின்னால் இருக்கும் மலையில் ஏறினோம், முட்டிக்காக நாலு இடத்தில் நின்று. மேலே ஒரு கோட்டையின் மிச்சம். 1620களில் நசாவ் மோரிஸ் என்ற டச்சு இளவரசர், ஒராஞ்ச் அப்போது அவர் கையில் இருந்ததால், ரோமக் கட்டடங்களின் கல்லைப் பெயர்த்துக் கட்டியது. நெதர்லாந்து அரச குடும்பத்துக்கு இந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அந்த உறவில்தான். 1673இல் லூயி கோட்டையை இடித்தார். அரங்கச் சுவர் ஊரின் காவலுக்குப் பயன்பட்டதால் பிழைத்தது.

மேலிருந்து அரங்கம் ஒரு குழி போலத் தெரிந்தது. அந்தக் குழிக்குள் வீடுகள் இருந்தன என்று சொன்னேன். 16ஆம் நூற்றாண்டு மதச் சண்டையில் ஒண்ட வந்தவர்கள் அங்கேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். சமையல், பிள்ளைப்பேறு எல்லாம் மேடைக்கும் படிக்கும் நடுவிலேயே. 19ஆம் நூற்றாண்டில் வீடுகளை வாங்கி இடித்து, அரங்கத்தை வெளியே எடுத்தார்கள். 1869இல் திரும்பவும் விழா தொடங்கியது, இன்றும் கோடையில் ஓபரா நடக்கிறது.

அப்பா வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வீடு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "எவ்வளவு கொடுத்தாங்களாம்?" அதுவும் தெரியவில்லை.

ரயிலில் அவர் பாக்கெட் டைரியை எடுத்து அரைவட்டம் ஒன்று வரைந்தார். வடக்கே சுவர், தெற்கே மலை. சுவரின் நீளத்தை மட்டும் எழுதினார். உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகளாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு எண் போட்டார். பதினேழில் நிறுத்தி, பேனாவை மூடிக் கண்ணை மூடிக்கொண்டார்.