தம்பியின் கிளைம் கேஸ்: நாட்குறிப்பு

11 மார்ச் 2024
தம்பியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். திண்டிவனம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னாலிருந்து கார் மோதியதில் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் பில் ஏற ஆரம்பித்தது.

மத்தியானம் கட்டில் அருகே ஒருத்தர் வந்து நின்றார். "கேஸை நாங்க பாத்துக்கறோம்மா. கைக்காசு வேணாம், வர்றதுல முப்பது பர்சென்ட் குடுத்தா போதும்." கையில் அச்சடித்த வக்காலத்து. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. வழக்கின் முடிவை வைத்து வக்கீல் ஃபீஸ் பேசக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

2 ஏப்ரல் 2024
முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கிடைத்தது. 'வண்டியிலிருந்து தானாக வழுக்கி விழுந்தவர்' என்று இருக்கிறது! ஆம்புலன்ஸில் கூட வந்த யாரோ சொன்னதை டியூட்டி டாக்டர் அப்படியே எழுதியிருக்கிறார். "இன்சூரன்ஸ்காரன் முதல்ல இதைத்தான் கையில எடுப்பான்" என்றார் வக்கீலம்மா. எஃப்.ஐ.ஆர். சரியாக இருக்கிறது. அதைவிடப் பலம் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை: காரின் முன் பம்பர் நசுங்கல், தம்பி வண்டியின் பின் மட்கார்டு மடங்கல். தானாக வழுக்கி விழுந்தவனுக்குப் பின் மட்கார்டு எப்படி மடங்கும்?

24 ஜூன் 2024
மனு போட்டாச்சு. விபத்து விழுப்புரம் மாவட்டத்தில் என்றாலும் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதால், சென்னை ஐகோர்ட் வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில். முன்பு கெடு கிடையாதாம். 2019 சட்டத் திருத்தம் கொண்டுவந்த ஆறு மாதக் கெடு 2022 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. கேட்டிருப்பது 20 லட்சம். "கேக்கிறது வேற, கெடைக்கிறது வேற" என்று வக்கீலம்மா இப்போதே சொல்லிவிட்டார்.

18 பிப்ரவரி 2025
மருத்துவக் குழு. டாக்டர் கோணமானி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியை முட்டியில் வைத்து மடக்கச் சொன்னார். தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. கால் ஒரு சென்டிமீட்டர் குட்டை. ஊனம் 30 சதவீதம் என்று சான்றிதழ்.

10 ஜூலை 2025
தம்பிக்குக் குறுக்கு விசாரணை. "ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். உடைந்தது கால்! தலையில் ஒரு கீறல்கூட இல்லை. நீதிபதியே லேசாகச் சிரித்த மாதிரி எனக்குப் பட்டது.

28 ஆகஸ்ட் 2025
இன்சூரன்ஸ் கம்பெனி சமரசத்துக்கு வந்திருக்கிறது. 4 லட்சமாம். ஊனம் 30 சதவீதம், ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று 1,50,000. மருத்துவ பில் 1,62,000. மிச்சம் வலி வேதனை, ஊட்டச்சத்து, போக்குவரத்து.

வக்கீலம்மா ஒரு தாளை எடுத்து வேறு கணக்கு போட்டுக் காட்டினார். தம்பி பெயின்டர். தினக்கூலி 950 வாங்கினவன்தான், ஆனால் சம்பளச் சீட்டு ஏது? அதனால் மாதம் 15,000 என்று தோராயமாக வைத்துக்கொண்டார். வயது 34, சொந்தத் தொழில். சுப்ரீம் கோர்ட்டின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி நாற்பதுக்குக் கீழே என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டவேண்டும்: 21,000. வருஷத்துக்கு 2,52,000. 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 40,32,000. இதில் அவன் சம்பாதிக்கும் திறன் எத்தனை பங்கு போயிற்று என்பதுதான் கேள்வி. 2010 ராஜ்குமார் தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது: டாக்டர் தரும் ஊன சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழுப் பிழைப்பும் போகும்; அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலே இருக்கலாம். சாரம் ஏறமுடியாத, குந்தி உட்காரமுடியாத பெயின்டருக்கு 20 சதவீதம் வைத்தாலே 8,06,400.

ஒரே முட்டி. ஒரு கணக்கில் ஒன்றரை லட்சம், இன்னொன்றில் எட்டு லட்சம். 'செட்டில்மென்ட் தர்றாங்க, வாங்கிக்க' என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது இந்த இரண்டாவது தாளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பில், படுத்திருந்த மாதங்களின் கூலி, கூட இருந்து கவனித்த செலவு எல்லாம் சேர்த்தால் 11 லட்சத்தைத் தாண்டுகிறது.

13 செப்டம்பர் 2025
மக்கள் நீதிமன்றம். காலையிலிருந்து கூட்டம், நிற்க இடமில்லை. கம்பெனி ஆறு லட்சத்திலிருந்து ஏழரைக்கு ஏறியது. அமர்வில் இருந்த நீதிபதி இரண்டு பக்கமும் பேசி 8,40,000-இல் கொண்டுவந்து நிறுத்தினார்.

வக்கீலம்மா எங்களை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஒளிக்காமல் சொன்னார். இங்கே கையெழுத்துப் போட்டால் அதோடு முடிந்தது, அப்பீல் இல்லை, நாளைக்குக் கால் மோசமானாலும் திரும்பிவந்து கேட்கமுடியாது. கோர்ட் கட்டணம் திரும்பிவிடும். தீர்ப்புக்குக் காத்திருந்தால் பத்து, பதினொன்று கிடைக்கலாம், மனு போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியும் சேரலாம். ஆனால் கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போனால் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

தம்பி கேட்டது ஒன்றுதான். "அக்கா, சேட்டுகிட்ட வாங்கின ரெண்டு லட்சம் மூணு வட்டி." மாதம் 6,000. வருஷத்துக்கு 36 சதவீதம் கட்டுகிறவன் கோர்ட்டு தரும் ஏழரைக்காகக் காத்திருக்க முடியுமா? கம்பெனிக்காரர்களுக்கு ராஜ்குமார் தீர்ப்பு தெரியாமலா இருக்கும்? இந்த மூணு வட்டியும் தெரியும். காத்திருக்கச் சொல்லத்தான் எனக்கு மனசு. ஆனால் கடனும் காலும் அவனுடையது. போட்டுவிட்டான்.

7 நவம்பர் 2025
பணம் கணக்கில் ஏறிவிட்டது. சேட்டு கடன் அடைந்தது. ஒரு லட்சத்தை மட்டும் தொடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஜனவரியில் ராடு எடுக்கவேண்டும். தம்பி வேலைக்குப் போகிறான். சாரம் ஏறுவதில்லை, தரையில் நின்று செய்கிற சுவர், கதவு, ஜன்னல் மட்டும். மேஸ்திரி கூலியை 700 ஆக்கிவிட்டார்.