சரிவை நிமிர்த்தியவர்

முழங்கால் தசைநார் அறுந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட எங்கள் லாப்ரடார் நாயின் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முழங்காலுக்குக் கீழே ஒரு தகடு, ஆறு திருகுகள், எலும்பில் பிறை வடிவில் மெல்லிய கோடு. எலும்பு ஒட்டத் தொடங்கிவிட்டதாம். எனக்கு நிலைகொள்ளாத மகிழ்ச்சி.

இந்த அறுவைச் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், யூஜீன் நகரில் இருந்த கால்நடை மருத்துவர் பார்க்லே ஸ்லோகம். நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்பக்கமாகச் சரிந்திருக்கும்; சராசரியாக 25 டிகிரி. நாய் காலை ஊன்றும்போதெல்லாம் தொடையெலும்பு அந்தச் சரிவில் பின்னோக்கி வழுக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தசைநார். அது அறுந்தால் மாற்று நார் பொருத்துவது, வெளியிலிருந்து இழுத்துக் கட்டுவது என்றுதான் பெரும்பாலும் முயன்றார்கள். ஸ்லோகம் நாரை விட்டுவிட்டுச் சரிவைப் பார்த்தார். வளைந்த ரம்பத்தால் எலும்பின் மேல்முனையை அறுத்து, சுழற்றி, சரிவை ஏறத்தாழ 5 டிகிரிக்குக் குறைத்துத் தகடு வைத்து முடுக்கினார். 1993இல் தெரசா ஸ்லோகமுடன் சேர்ந்து இதைக் கட்டுரையாக வெளியிட்டார். என்ன துணிச்சல்!

மனிதர்களுக்குப் பெரும்பாலும் விளையாட்டில் அடிபட்டு அறுகிற நார், நாய்களுக்கு மெல்ல மெல்ல நைந்து அறுகிறது. அதனால் மறுகாலையும் கவனிக்க வேண்டும். உங்கள் நாய் உட்காரும்போது ஒரு பின்னங்காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைக்கிறதா? தயவுசெய்து உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.